412ஆம் புகார் நகலான கதை

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்த புரோகிராமர் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டான். ஆறு வருஷமாக அவன் கட்டிக் காத்துவந்த 412ஆம் புகாரை மூடிவிட்டார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: "நகல். 9806ஐப் பார்க்கவும்."

முந்திப் பிறந்த 412, நேற்றுப் பிறந்த 9806க்கு நகலாம். அதாவது பிள்ளைக்கு அப்பன் பிறந்திருக்கிறான்.

விஷயம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 'வரிசை' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆஸ்பத்திரி, நூலகம், பேருந்து நிலையம் என்று ஜனங்கள் காத்திருக்கும் இடங்களில் பொத்தானை அமுக்கினால் சீட்டு வருமே, அந்த டோக்கன் மெஷினுக்குள் இருப்பது இதுதான். திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதித் தரலாம். தந்த திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் யாருடைய வேலை என்று தெரியாது. மொத்தம் தொள்ளாயிரம் வரி. அதைப் பராமரிக்க வரிசை அறக்கட்டளை என்று ஓர் அமைப்பும், அதற்குப் பதினான்கு குழுக்களும், அறுபத்துநாலு பக்க நடத்தை விதிகளும் இருந்தன. நிரல் எழுதுகிறவர்கள் நான்கு பேர். அதில் ஒருவரை மூன்று வருஷமாக யாரும் பார்க்கவில்லை.

டோக்கன் மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்த நம் புரோகிராமர், ஆறு வருஷம் முன்னால் அந்தத் தொள்ளாயிரம் வரிக்குள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தான். மெஷினில் காகித ரோல் தீர்ந்து புது ரோல் போட்டால், எண்ணிக்கை ஐந்து இடம் பின்னால் போய்விடும். ஏற்கெனவே 47 என்று சீட்டு வாங்கி ஒருவர் உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவருக்கும் 47 கிடைக்கும். "நாற்பத்தேழு" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து வருவார்கள். மெஷினோ கடைசியாக அச்சான சீட்டைத்தான் ஒப்புக்கொள்ளும். முதலில் வந்தவர் சீட்டு செல்லாது. ஒரே வரியில் சரியாகிவிடும் பிழை. பதினொரு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, புகாரோடு சேர்த்தே அனுப்பினான். அனுப்பும் முன் ஒரு கட்டம் வந்தது: "இதே புகாரை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டேன்." எல்லோரும் செய்வதைப்போல அவனும் தேடாமலே டிக் அடித்தான்.

யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் விளக்குமாறு வந்தது.

விளக்குமாறு என்பது அறக்கட்டளை வைத்திருந்த தானியங்கி. முப்பது நாள் ஒரு புகாரில் யாரும் வாய் திறக்காவிட்டால் அது வந்து, "இங்கே யாரும் பேசாததால் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதி மகிழ்ச்சியுடன் மூடுகிறோம்" என்று எழுதி, ஒரு சின்ன விளக்குமாற்றுப் படமும் போட்டு மூடிவிட்டுப் போகும். அறக்கட்டளை தன் ஆண்டறிக்கையில் தீர்த்துவைத்ததாகச் சொல்லும் புகார்களில் தொண்ணூறு சதவீதம் இப்படித் தீர்ந்தவைதான். இதிலிருந்து தப்ப வேண்டுமானால் முப்பது நாளுக்குள் எதையாவது எழுதிவைக்க வேண்டும். அவன் போனில் மணி வைத்துக்கொண்டான். இருபத்தொன்பதாவது நாளானால் போய், "இன்னும் இருக்கு" என்று எழுதிவிட்டு வருவான். ஆறு வருஷத்தில் எழுபத்தைந்து முறை எழுதியாகிவிட்டது. மகள் பிறந்த அன்றும் இருபத்தொன்பதாவது நாள்தான். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்து "இன்னும் இருக்கு" என்று அவன் தட்டுவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்த நர்ஸ், முதல் பிரசவம் என்றால் அப்படித்தான் நேரமாகும், பயப்படாதீங்க என்று தேற்றிவிட்டுப் போனாள்.

இவ்வளவும் எதற்கு என்றால், 'பங்களித்தவர்கள்' என்றொரு பக்கம் இருக்கிறது. ஒரு வரி சேர்ந்தாலும் அங்கே பெயர் வரும். அலுவலகத்தில் அவனோடு சேர்ந்த எல்லோர் பெயரும் எங்கெங்கோ இப்படி ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்தது. ஒருவன் அரைப்புள்ளி ஒன்றைத் திருத்தி உள்ளே போனவன். அவன்கூட மின்னஞ்சலில் தன் பெயருக்குக் கீழே 'பங்களிப்பாளர்' என்று போட்டுக்கொண்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஆள் பங்களித்தவர்கள் பக்கத்தைத் திறந்து, தன் பெயர் வந்துவிட்டதா என்று தேடுவான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு 9806ஐத் திறந்தான். எழுதியவர் பெயர் 'கறுப்புக்கண்ணாடி'. கீழே வீடியோ. வீடியோவில் நான்கு டம்ளர்கள், ஓர் உப்பு டப்பா, விளிம்பு உடைந்த ஒரு நீலக் கோப்பை. கோப்பையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது அவன் வீட்டுக் கோப்பை. கறுப்புக்கண்ணாடி அவன் மனைவியின் தம்பி.

மூன்று வாரம் முன்னால் மச்சினன் சாப்பிட வந்திருந்தான். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறவள். அன்றைக்கு இரண்டு நாற்பத்தேழுகள் அவள் மேசைக்கு முன் சண்டை போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது நம் ஆள் சும்மா இருந்திருக்கலாம். டம்ளர்களை வரிசையாக அடுக்கி, உப்பு டப்பாவை ரோல் என்று வைத்து, நீலக் கோப்பை எப்படிப் பின்னால் வந்து முன்னால் போகிறது என்று அரைமணி நேரம் விளக்கினான். மச்சினன் போனை மேசைமேல் சாய்த்துவைத்துக்கொண்டு "செம அத்தான், செம" என்று கேட்டுக்கொண்டிருந்தான். போன் எதற்குச் சாய்ந்திருந்தது என்பது இப்போதுதான் புரிந்தது. வீடியோவில் அவன் கை மட்டும் வந்தது. குரல் வெட்டப்பட்டு மச்சினன் குரல் ஏறியிருந்தது.

கீழே இரண்டாயிரத்து முந்நூறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். 412க்கு ஆறு வருஷத்தில் கிடைத்தது ஒன்று. அது அவன் காட்டியது.

மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவள் முழுவதையும் பார்த்துவிட்டு, "அந்தக் கோப்பையத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இப்ப ஊரே பாத்துடுச்சு" என்றாள். பிறகு, யார் சொன்னால் என்ன, சரியானால் நல்லதுதானே என்றாள். அது எப்படி நல்லதாகும் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் மச்சினன் வந்தபோது கறுப்பு டீஷர்ட் போட்டிருந்தான். முதுகில் 'இம்மாத நட்சத்திரப் பங்களிப்பாளர்' என்று பொடி எழுத்தில் இல்லை, பட்டையாக. அறக்கட்டளை தபாலில் அனுப்பியிருக்கிறது. நாலு வயது மகள் மாமா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எனக்கும் இந்த மாதிரி வேணும் என்றாள்.

"அப்பாகிட்ட கேளு, அப்பாவும் இதே வேலைதான் பாக்குறாரு" என்றான் மச்சினன்.

சொன்னது நல்ல மனசோடுதான். அதுதான் இன்னும் எரிந்தது. துணி நல்ல பருத்தியா என்று பார்ப்பதுபோல் புரோகிராமர் டீஷர்ட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். நல்ல பருத்திதான்.

மறுநாள் அறக்கட்டளைக்கு மேல்முறையீடு எழுதினான். மேல்முறையீட்டைப் புதுப் புகாராகத்தான் பதியவேண்டும் என்றார்கள். பதிந்தான். அது 412இன் நகல் என்று மூடினார்கள். அந்த 412தான் மூடிக்கிடக்கிறதே என்று எழுதினான். அதனால்தான் இதுவும் மூடப்படுகிறது என்று பதில் வந்தது. மூன்றாவது முறை எழுதியபோது புகாரின் தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு முத்திரை விழுந்தது: 'தொனி'.

தொனி முத்திரை விழுந்தால் ஒழுங்கு மற்றும் அரவணைப்புக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். மதிய இடைவேளையில் கம்பெனியின் பழைய சாமான் அறையில், காலியான ரோல் பெட்டிகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆஜரானான். திரையில் மூன்று பேர். மூன்று பேரும் தாங்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பதை முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் சொன்னார்கள். அதன்பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அவன் எழுதிய எழுபத்தைந்து "இன்னும் இருக்கு"களையும் தேதியோடு ஒவ்வொன்றாக வாசித்தார். இருபது நிமிஷம் ஆனது.

வாசித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தொன்பது நாளுக்கு ஒரு தடவை உங்க பேரப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வரும். ஆறு வருஷம் அத நான் தாங்கியிருக்கேன். நீங்க ஒரு தடவையாவது நான் எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். ஆனால் அந்த ஒரு வரித் திருத்தத்தை முதல் மாதமே சேர்த்திருந்தால் இரண்டாம் மாதம் தன் பெயரே அவர் கண்ணில் பட்டிருக்காதே என்றும் சொன்னான். அதை இரண்டாவது தொனிக் குற்றமாகக் குறித்துக்கொண்டார்கள். திருத்தத்தை யாராவது படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டான். திருத்தத்தைப் படிப்பது தங்கள் குழுவின் வரம்புக்குள் வராது, படித்தால் ஒருபக்கம் சாய்ந்துவிடும் அபாயம் இருக்கிறது, அதனால்தான் நியாயம் வழங்கும் யாரும் இங்கே எதையும் படிப்பதில்லை என்று இன்னொரு உறுப்பினர் பெருமையோடு விளக்கினார்.

தீர்ப்பு கடுமையாக இல்லை. 'பொறுமையாகக் காத்திருப்பது எப்படி' என்ற இணையவழிப் பாடத்தை அவன் முடிக்கவேண்டும். பாடத்தின் சாரம் இதுதான்: கசப்பான எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சிரிப்புப் படம் போட்டுவிட்டால் அது கசக்காது. முடித்ததும் சான்றிதழ் வந்தது. அவன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. திருத்தக் கேட்டால் புகாராகப் பதியவேண்டும் என்பதால் விட்டுவிட்டான்.

சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச இரண்டு நிமிஷம் உண்டு. அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே அவன் விடுப்பு எடுத்தான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான். கீழே பைஜாமாதான், திரையில் தெரியாது. கூட்டத்தில் நானூறு பேர். தலைவர் முகத்துக்குப் பின்னால் புத்தக அலமாரி. அவர் கையை ஆட்டும்போதெல்லாம் அலமாரியின் ஒரு பகுதி காணாமல் போய்த் திரும்பி வந்தது.

தலைவர் பேசினார். "நம்ம இயக்கத்துல யாரும் யாருக்கும் மேல இல்ல. தலைவர்ங்கிற முறையில இத நான் முடிவாச் சொல்றேன். இங்க எல்லாக் குரலும் சமம். சமமா இருக்கிற குரல்கள்ல எதக் கேக்கறதுன்னு ஒரு குழப்பம் வரும் இல்லையா, அதுக்குத்தான் கட்டைவிரல். நகல் நகல்னு சிலர் வருத்தப்படறாங்க. எது மூலம், எது நகல்ங்கறதுக்கும் தேதிக்கும் சம்பந்தம் இல்ல. கூட்டம் எங்க கூடியிருக்கோ அதான் மூலம். தனியா ஒருத்தர் ஆறு வருஷம் நின்னாருன்னா அவர் வரிசையில நிக்கலைங்க, சும்மா நின்னுருக்காரு."

நானூறு பேரும் கைதட்டல் படம் போட்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் கறுப்பு டீஷர்ட்டோடு மச்சினனும் போட்டான்.

பேச விரும்புகிறவர்களுக்கு வரிசை எண் வழங்கப்பட்டது. வழங்கியது இவர்களுடைய மென்பொருள்தான். அவனுக்கு 47 வந்தது. நாற்பது பேர் பேசி முடித்ததும் தலைவர் தேநீருக்காகப் பத்து நிமிஷம் கூட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார். நிறுத்தித் தொடங்குவதும் ரோல் மாற்றுவதும் அந்த நிரலுக்கு ஒன்றுதான். எண்ணிக்கை ஐந்து இடம் பின்னால் போனது. தேநீருக்குப் பிறகு கூட்டத்துக்குள் வந்த ஒருவருக்கும் 47 கிடைத்தது. நாற்பத்தேழு என்று அழைத்தபோது இருவர் கட்டமும் ஒளிர்ந்தது. பிறகு அவனுடையது அணைந்தது. பின்னால் வந்தவர் தன் இரண்டு நிமிஷத்தில், பேச வாய்ப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்லி நெகிழ்ந்தார்.

புரோகிராமர் ஒலியைத் திறந்து, இது 412, இது 412 என்று சொல்லிப் பார்த்தான். தலைவர் காது கொடுத்துக் கேட்டு, இது சின்னத் தொழில்நுட்பச் சிக்கல், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றார். 412 என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, 9806 என்று திருத்திக்கொண்டார்.

அந்த ஒரு நொடித் தடுமாற்றம்தான் அவனைக் காப்பாற்றியது. நானூறு பேரில் ஒருவர் அதை வெட்டி எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். ஒரே நாளில் இருபதாயிரம் கட்டைவிரல். அது யாருக்கு ஆதரவான கட்டைவிரல் என்று காட்டியவர்களுக்கே தெரியாது. ஆனாலும் கூட்டம் கூடிவிட்டது, கூட்டம் கூடிய இடம்தானே மூலம். அறக்கட்டளை அவசரமாகக் கூடி, தொள்ளாயிரம் வரியில் ஒரு வரியையும் தொடாமல் நிலைமையைச் சமாளித்தது. 'முதன்மைக் காப்புக் குழு' என்று பதினைந்தாவது குழு ஒன்று உருவானது. எது முந்திய புகார், எது பிந்தியது என்பதை இனி அதுதான் முடிவு செய்யும். அதன் ஒரே உறுப்பினராக நம் புரோகிராமரை நியமித்தார்கள். தலைவரே அழைத்துப் பேசினார்.

"உங்கள மாதிரி விடாப்பிடியான ஆள வெளிய விட்டா எங்களுக்கு நிம்மதி இல்ல சார். உள்ள இருந்தீங்கன்னா எல்லாருக்கும் நல்லது. பேரு பங்களிச்சவங்க பக்கத்துல வந்துடும். டீஷர்ட் சைஸ் சொல்லுங்க."

சைஸ் சொன்னான்.

நீல நிறத்தில் வந்தது. முதுகில் 'முதன்மைக் காப்பாளர்'. எழுத்து மச்சினனுடையதைவிட அரை அங்குலம் உயரம். ஸ்கேல் வைத்தே பார்த்துவிட்டான். முதல் காரியமாக 412ஐத் திறந்து அதுதான் மூலம் என்று அறிவித்தான். இரண்டாவது காரியமாக 9806ஐ மூடி, ஒவ்வோர் எழுத்தாக ரசித்து எழுதினான்: "நகல். 412ஐப் பார்க்கவும்."

எழுதிவிட்டு மச்சினனின் அழைப்புக்காகக் காத்திருந்தான். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அழைப்பு வரவில்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல் இவனே அழைத்து, மனசில் வைத்துக்கொள்ளாதே, விதி என்று ஒன்று இருக்கிறது பார் என்று ஆரம்பித்தான்.

"எது அத்தான்?" என்றான் மச்சினன். "ஓ, அந்த டோக்கன் மேட்டரா? அத நான் எப்பவோ மறந்துட்டேன். இப்ப லிப்ட் பொத்தான் பத்திப் போட்டுட்டு இருக்கேன், நாற்பதாயிரம் போயிடுச்சு. அக்காகிட்ட போனக் குடுங்க."

போனைக் கொடுத்துவிட்டு நீல டீஷர்ட்டோடு பால்கனிக்குப் போய் நின்றான். ஜெயித்தாகிவிட்டது. தோற்றவனுக்கு விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். நாற்பதாயிரம் என்ற எண் மட்டும் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

குழுவுக்கு வந்த முதல் மனு அதற்கடுத்த வாரம் வந்தது. 412தான் மூலம் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். நான் ஒரு பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுன்டரில் இருக்கிறேன். நிரல் எழுதுவது தொழில் இல்லை, தேவைக்காக நானே படித்துக்கொண்டது. இந்தப் பிழையைப் பத்து வருஷம் முன்னாலேயே எழுதியிருக்கிறேன், எண் 87, நேரம் கிடைக்கும்போது பார்க்கமுடியுமா.

87ஐத் திறந்தான். அதே ரோல், அதே ஐந்து இடம், அடியில் அதே ஒரு வரித் திருத்தம். இடைவெளிகூட மாறவில்லை. அவன் பதினொரு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த வரி, அதற்கு நாலு வருஷம் முன்பிருந்தே அங்கே கிடந்திருக்கிறது. தேடியிருந்தால் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். தேடிப் பார்த்துவிட்டேன் என்று டிக் அடித்தது ஞாபகம் வந்தது. 87இன் திருத்தத்துக்குக் கீழே, விளக்குமாறு வேலைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, தொண்ணூற்றொரு முறை, அந்த மனிதர் எழுதியிருந்தார்: "அப்படியே இருக்கிறது. நன்றி."

இருபத்தெட்டு நாள். தன்னைவிட ஒரு நாள் முன்னதாக. அதுவும் கண்ணை உறுத்தியது.

பங்களித்தவர்கள் பக்கத்தைத் திறந்து தன் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இங்கே ஓர் எழுத்தும் குறையவில்லை.

சாயங்காலம் மனைவி களைத்துப்போய் வந்தாள். இன்றைக்கும் ரோல் மாற்றும்போது இரண்டு நாற்பத்தேழு. ஒருவர் எட்டு மணிக்கே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இன்னொருவர் பத்து மணிக்கு வந்தவர். மெஷின் பத்து மணி ஆளை உள்ளே அனுப்பிவிட்டது.

"உங்க கையிலதான் இப்ப அதிகாரம் இருக்கே, அந்த ஒரு வரியச் சேத்துவிட்டா என்னங்க?" என்றாள்.

யார் முந்தி என்று முடிவு செய்வது மட்டும்தான் தன் குழுவின் வேலை, திருத்தம் சேர்ப்பது தன் வரம்புக்குள் வராது என்று விளக்கினான். சொல்லும்போதே அந்த வாக்கியத்தை வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. யார் என்று யோசிக்கவில்லை.

"சரி, அந்த எட்டு மணிக்காரர் என்ன பண்ணார்?" என்று கேட்டான்.

"என்ன பண்ணுவாரு? சண்டை போடத் தெரியாத ஆளு. சீட்ட மடிச்சுப் பாக்கெட்ல வச்சுகிட்டு மறுபடி போயி உக்காந்துகிட்டாரு."

அவள் முகம் கழுவப் போனாள். புரோகிராமர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். 87க்குப் பத்து வருஷத்தில் ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. தன் புகாருக்கு அந்த மனிதர் தானே கட்டைவிரல் காட்டிக்கொள்ளலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கூட்டம் இல்லாத இடம் எப்படி மூலமாகும்? "நகல். 412ஐப் பார்க்கவும்" என்று எழுதினான். தேதி வெளிப்படையாகத் தெரிந்தது, தெரிந்துவிட்டுப் போகட்டும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வந்து நிற்பதில் ஒரு வற்புறுத்தல் இருக்கிறது என்று பட்டதால், 'தொனி' என்ற மஞ்சள் முத்திரையையும் எடுத்து ஒட்டினான். மகிழ்ச்சியுடன் மூடினான்.

மூடுவதற்கு முன், பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, கடைசியில் மறக்காமல் ஒரு சிரிப்புப் படமும் போட்டான்.